அப்பா சாவைப் பற்றிப் பேச்செடுத்தாலே வீட்டில் வாயை அடைக்கிறார்கள். எப்படிப் பேசுவது?

மொட்டைமாடி கேட்டது:

அப்பாவுக்கு 74 வயது. சிஓபிடி என்ற நாள்பட்ட மூச்சடைப்பு நோய், நுரையீரல் ரொம்பவே கெட்டுவிட்டது. வீட்டிலேயே ஆக்சிஜன் மெஷின் ஓடுகிறது. போன முறை ஐசியூவில், காற்றை அழுத்தி உள்ளே செலுத்தி மூச்சுக்கு உதவும் பைபாப் மாஸ்க்கை முகத்தில் இறுக்கி மாட்டி வைத்திருந்தார்கள். தேறி வந்துவிட்டார். டிஸ்சார்ஜ் அன்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அடுத்த தடவை தொண்டையில் டியூப் போட வேண்டி வரலாம். வேண்டுமா வேண்டாமா என்று வீட்டில் பேசி வையுங்கள்" என்றார்.

எங்கே பேசுவது? "நான் போனப்புறம் இந்த பாஸ்புக்க எடுத்து..." என்று அப்பா வாயைத் திறந்தாலே அம்மா, "நல்ல வார்த்தையே வராதா உங்க வாயில" என்று எழுந்து போய்விடுகிறார். வெளிநாட்டில் இருக்கும் அண்ணன், "எவ்வளவு செலவானாலும் எல்லாத்தையும் பண்ணச் சொல்லு" என்பதோடு சரி. இதற்கு நடுவில் ஒருநாள் அப்பா என்னிடம் மட்டும், "அந்த மாஸ்க்க இனிமே மாட்ட விடாதம்மா" என்றார். அதிலிருந்து எனக்குத் தூக்கம் போச்சு. சாக விட்டுவிடு என்கிறாரா? யாரிடம் எதைக் கேட்பது?

நைட்டுடூட்டி பதில்:

ஐசியூவுல பல வருஷம் இருந்துட்டு, இப்போ பேலியேட்டிவ் வார்டுல, அதாவது முத்தின நோய் உள்ளவங்களோட வேதனையைக் குறைச்சுப் பார்த்துக்கிற வார்டுல, நர்ஸா இருக்கேன். மனசுல பட்டதைச் சொல்றேன் தங்கச்சி.

எப்படி ஆரம்பிக்கிறதுன்னு கேக்குறீங்க. உங்க அப்பா ஆரம்பிச்சு ரொம்ப நாளாச்சு. பாஸ்புக் பேச்சுதான் அது. பாதிப் பேர் நேரா "சாவு"ன்னு சொல்ல மாட்டாங்க. கணக்கு வழக்கு, சாவி, யாருக்கு என்ன தரணும், இப்படித்தான் வருவாங்க. வீட்டுல இருக்கிறவங்க "சும்மா இருங்க"ன்னு சொல்லிச் சொல்லி, ஒரு கட்டத்துல நிஜமாவே சும்மா ஆயிடுவாங்க. அப்புறம் ராத்திரி ரெண்டு மணிக்கு என்கிட்ட சொல்வாங்க, "புள்ளைங்ககிட்ட சொல்லாதீங்க சிஸ்டர், பயந்துரும்"னு. அடுத்த தடவை அவர் பாஸ்புக்குன்னு சொன்னா பக்கத்துல உக்காந்து, "சொல்லுங்கப்பா, வேற என்னெல்லாம் யோசிச்சு வெச்சிருக்கீங்க?"ன்னு கேளுங்க. அவ்வளவு போதும்.

இப்போ மாஸ்க் விஷயம். அவசரப்பட்டு ரெண்டு பக்கமும் முடிவு கட்டிடாதீங்க. "மாஸ்க் வேண்டாம்"ங்கிறதுக்குள்ள நாலு அர்த்தம் இருக்கலாம். மூக்குத்தண்டு புண்ணாகிப் போயிருக்கலாம். மூஞ்சியை மூடினதும் உயிர் போற மாதிரி ஒரு பீதி வந்திருக்கலாம், அது ரொம்ப சகஜம். கையைக் கட்டிலோட கட்டி வெச்சிருந்தாங்களோ என்னமோ, அந்த அவமானமா இருக்கலாம். இல்ல, நிஜமாவே "போதும்"னு சொல்றாராயிருக்கலாம். முதல் மூணுக்கும் வழி உண்டு: வேற சைஸ் மாஸ்க், கொஞ்சம் கொஞ்சமா அழுத்தத்தை ஏத்துறது, பதட்டத்துக்கு மருந்து. அவர் நோய்ல மூச்சு முட்டி கார்பன் டை ஆக்சைடு ஏறும்போது, டியூப் வரைக்கும் போகாம காப்பாத்துறதே அந்த மாஸ்க்தான். அதனால "மாஸ்க்ல எது உங்களுக்குத் தாங்கலப்பா?"ன்னு கேக்காம அதை வேண்டாம்னு எழுதிடாதீங்க. நாலாவதுதான் பதில்னா, அதையும் மதிக்கணும். அதுக்கு அர்த்தம் அவரைத் திணற விட்டுடறதில்ல. மூச்சுத்திணறலுக்குக் குறைஞ்ச அளவு மார்ஃபின் இருக்கு, பதட்டத்துக்கு மருந்து இருக்கு. சிரிக்காதீங்க, முகத்துக்கு நேரா ஒரு சின்ன ஃபேன் கூட இருக்கு. கன்னத்துலயும் மூக்குலயும் காத்து படும்போது மூளைக்கு மூச்சுத்திணறல் குறைஞ்ச மாதிரி தெரியும். இன்னைக்கே வாங்கிக் குடுங்க, இதுக்கு எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

டியூப்புக்கு வர்றேன். போட்டா மயக்க மருந்துல இருப்பார், பேச முடியாது. நுரையீரல் இந்த அளவுக்குக் கெட்டவங்களுக்கு வென்டிலேட்டர்ல (டியூப் வழியா மூச்சு குடுக்கிற மெஷின்) இருந்து வெளிய வர்றது சில சமயம் ரொம்ப இழுக்கும், கழுத்துல ஓட்டை போட வேண்டி வரலாம். சிலர் நல்லாவே எழுந்து வந்துடறாங்க, அதையும் பார்த்திருக்கேன். டாக்டர்கிட்ட கேக்க வேண்டியது இது: "கொஞ்ச நாள் போட்டுப் பார்க்கலாமா? முன்னேற்றம் இல்லைன்னா எடுத்துடலாமா?" நாள் குறிச்சுக்கிட்டு பண்ற இந்த முயற்சியை நிறைய பேர் கேக்கறதே இல்ல. போட்டா நிரந்தரம், போடலைன்னா கொலை, இந்த ரெண்டுதான் இருக்குன்னு நினைச்சுக்கறாங்க. எடுக்கறதுக்கு உங்க நாட்டுச் சட்டத்துல என்ன முறைன்னு முன்னாடியே கேட்டு வெச்சுக்கோங்க.

இதயம் நின்னா நெஞ்சை அமுக்கறது தனிக் கேள்வி. 1996ல அமெரிக்காவுல டிவி மருத்துவ நாடகங்களை உக்காந்து பார்த்தே ஒரு ஆய்வு பண்ணாங்க. நாடகத்துல மூணுல ரெண்டு பேர் பிழைச்சு வீட்டுக்குப் போயிடறாங்க! நிஜத்துல, ஆஸ்பத்திரிக்குள்ளயே நின்னாக்கூட, வசதியான நாடுகள்லயே சுமார் அஞ்சுல ஒருத்தர்தான். முத்தின நோய் உள்ளவங்களுக்கு இன்னும் கம்மி. பல நேரம் விலா எலும்பு முறியும். உங்க அண்ணன் "எல்லாத்தையும் பண்ணு"ன்னு சொல்லும்போது மனசுல ஓடுறது டிவி கணக்கு.

தூரத்துலேர்ந்து வந்து "எல்லாம் பண்ணுங்க"ன்னு சத்தம் போடற பிள்ளைக்கு அமெரிக்க டாக்டருங்க "கலிஃபோர்னியா மகள்"னு பேரே வெச்சிருக்காங்க. 1991ல ஒரு முதியோர் மருத்துவ இதழ்ல கட்டுரையாவே வந்துச்சு. கலிஃபோர்னியாவுல இருக்கிறவங்க நியூயார்க் மகள்னு சொல்வாங்களாம். எல்லா ஊருக்கும் ஒருத்தர் உண்டு. அவங்க கெட்டவங்க இல்ல. அப்பா பாத்ரூம் வரைக்கும் நடக்க எத்தனை தடவை நின்னு மூச்சு வாங்கறார்னு பார்த்ததில்ல, அவ்வளவுதான். ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்க.

கிணற்றடி பதில்:

சிஸ்டர் சொன்னதில் ஒன்றுக்கு மட்டும் மாற்றுக் கருத்து. எல்லோருக்கும் பேசப் பிடிக்காது. என் மாமனாருக்குப் புற்றுநோய். எப்படிக் கேட்டாலும், "இதெல்லாம் எனக்குத் தெரிய வேண்டாம், எம் மருமகளக் கேளுங்க" என்பார். பேச வைத்தே தீருவது என்று என் கணவர் படாத பாடுபட்டார். கடைசியில் டாக்டர்தான் சொன்னார், யார் முடிவெடுப்பது என்பதற்கு அவர் பதில் சொல்லிவிட்டார் என்று. அதை எழுதி, அவர் கையெழுத்தும் வாங்கி ஃபைலில் வைத்தோம். மாமியாருக்கு வருத்தம்தான். ஆனால் பிறகு சண்டை வரவில்லை.

இன்னொன்று. பேலியேட்டிவ் டாக்டரைப் பார்ப்பது கைவிடுவது என்று உங்கள் அம்மா நினைக்கலாம். 2010ல் முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரை வைத்து ஓர் அமெரிக்க ஆய்வு வந்தது. தொடக்கத்திலிருந்தே பேலியேட்டிவ் சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்கள் கூடுதலாக வாழ்ந்தார்கள்: இடைநிலைக் கணக்கில் (பாதிப் பேராவது வாழ்ந்த காலம்) 11.6 மாதம், மற்றவர்கள் 8.9. உங்கள் அப்பாவுடையது வேறு நோய், அதே கணக்கு பொருந்தாது. ஆனாலும் அந்தப் பயத்துக்கு இது பதில்.

மொட்டைமாடி பதில்:

இருவருக்கும் நன்றி. அப்பாவிடம் கேட்டேன். நர்ஸ் அக்கா சொன்ன நாலில் இரண்டாவது. மாஸ்க் மாட்டியதும் யாரையும் கூப்பிட முடியவில்லையாம், பெல்லும் கைக்கு எட்டவில்லையாம். "யாராச்சும் பக்கத்துல இருந்தா மாட்டிக்கிறேன்" என்கிறார்! டியூப் பற்றி மட்டும் இன்னும் வாய் திறக்கவில்லை. அம்மா சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார், எழுந்து போகவில்லை. அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கிறோம். அண்ணனை என்ன செய்வது?

நைட்டுடூட்டி பதில்:

அவரையும் வீடியோ கால்ல சேர்த்துக்கோங்க, டாக்டர் வாயால கேக்கட்டும். நீங்க இடையில நின்னு மொழிபெயர்க்காதீங்க, பழி உங்க மேல வரும். யார் பேர்ல பொறுப்புன்னு அப்பா அன்னைக்கே எல்லார் முன்னாடியும் சொல்லிடட்டும், அதை எழுதியும் வாங்கிக்கோங்க. எழுதினதை பீரோவுல பூட்டாம, உங்க ஃபோன்ல ஒரு படம், ஆஸ்பத்திரி ஃபைல்ல ஒரு நகல் வைங்க. அவர் மனசு மாறினா எப்ப வேணா மாத்தி எழுதலாம், அதையும் அவர்கிட்ட சொல்லுங்க. பெல் விஷயத்தையும் மறக்காம எழுதச் சொல்லுங்க: மாஸ்க் போட்டா பெல் கையில, ஆள் பக்கத்துல. அப்பாயின்ட்மென்ட் காலையில, நெபுலைசர் போட்டு கொஞ்ச நேரம் கழிச்சு இருக்கிற மாதிரி வாங்குங்க. நீளமா பேச அப்பத்தான் அவருக்கு மூச்சு இருக்கும்.