முந்தின நாளே செஞ்சு வைக்கிற இனிப்பு சொல்லுங்களேன்

விடுமுறை விருந்துக்கு 12 பேர் வர்றாங்க. அன்னைக்கு அடுப்பு காலியாவே இருக்காது. அதனால இனிப்பை முந்தின நாளே முடிச்சு ஃப்ரிட்ஜ்ல வெச்சிடணும். ஓவன் கிடையாது. ரெண்டு பேர் சுத்த சைவம், ஜெலட்டின் ஆகாது.

கடல்பாசி புட்டிங்தான் மனசுல இருக்கு. வெளியே வெச்சாலும் உருகாது. ஆனா மறுநாள் ஓரத்துல தண்ணி விட்டு நிக்குமே, அதுக்கு என்ன செய்றீங்க? கஸ்டர்டுன்னா பிரச்சினை இல்ல, ஆறுறதுக்குள்ள கிளிங் ஃபிலிமை மேலேயே ஒட்டினாப்ல மூடிட்டா ஆடை கட்டாது. பிஸ்கட் அடுக்கி க்ரீம் ஊத்துறதை ராத்திரி முழுக்க ஊற விட்டா கொழகொழன்னு ஆயிடுமா, இல்ல அதுதான் பதமா?

அலங்காரமெல்லாம் வேண்டாம் (யார் பார்க்கப் போறா!), கரண்டியில அள்ளிப் போட்டா போதும். செஞ்சு பார்த்தவங்க அளவோட சொல்லுங்க.