புதுப்பிப்பு: குளிர்ந்த எஞ்சினில் மட்டும் 'டிக் டிக்' சத்தம்: டேப்பெட் இல்லை, மேனிஃபோல்ட் கேஸ்கெட்

பழைய 4 சிலிண்டர் பெட்ரோல் காரில், ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' என்று வந்து, சூடானதும் மறையும் சத்தம் பற்றிக் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (எஞ்சின் புகையைச் சேர்த்து வெளியேற்றும் குழாய்த் தொகுப்பு) கேஸ்கெட்டை, அதாவது அதற்கும் எஞ்சினுக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் தகட்டைப் பார்க்கச் சொன்னவர் சொன்னதுதான் சரி.

டேப்பெட் (வால்வைத் தள்ளும் பாகம்) இடைவெளி அளவுக்குள்தான் இருந்தது. மேனிஃபோல்ட் மேல் இருக்கும் ஹீட் ஷீல்டைக் (வெப்பத் தடுப்புத் தகடு) கழற்றியதும் விஷயம் தெரிந்துவிட்டது: 4-வது சிலிண்டரின் புகை வெளிவரும் துளை (போர்ட்) ஓரத்தில் விசிறி போலக் கரி, பக்கத்து ஸ்டட் (மேனிஃபோல்டைப் பிடிக்கும் திருகுக் கம்பி) உடைந்திருந்தது. அதனால் கேஸ்கெட் பக்கம் விழுந்த இடுக்கில் புகை பீறிடும் சத்தம் அச்சு அசல் டேப்பெட் சத்தம்தான். சூட்டில் உலோகம் விரிந்து இடுக்கு அடைபடுவதால் சத்தம் நின்றுவிடுகிறது.

எதிர்பாராத சிக்கல், ஸ்டட் சிலிண்டர் ஹெட்டோடு (எஞ்சினின் மேல்பகுதி) மட்டமாக உடைந்திருந்தது. துரு இளக்கும் எண்ணெய் ஊற்றி ஊறவிட்டும் அசையவில்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டு, உடைந்த முனையில் ஒரு நட்டை வெல்ட் செய்து, சூடு கொஞ்சம் தணிந்ததும் முன்னும் பின்னும் மெல்லத் திருப்பியதில் வந்தது. ஹெட் அலுமினியம் என்பதால் இரும்பு வெல்டிங் அதில் ஒட்டாது. ஈஸி-அவுட் (உடைந்த ஸ்டட்டில் துளையிட்டுச் செருகித் திருப்பி எடுக்கும் கருவி) போட்டு அது உள்ளே உடைந்தால்தான் பெரிய செலவு.

கேஸ்கெட் மட்டும் மாற்றினால் போதாது. மேனிஃபோல்ட் முகத்தில் ஸ்ட்ரெய்ட் எட்ஜ் (நேரான பட்டை) வைத்து வளைவு பாருங்கள்; வளைந்திருந்தால் லேத் பட்டறையில் கொடுத்து முகம் சீவ வேண்டும், இல்லையென்றால் புது ஸ்டட்டும் உடையும். எல்லா ஸ்டட், நட்டுகளையும் புதிதாகப் போட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு டார்க் ரெஞ்சில் (முறுக்கு விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) முறுக்குங்கள். இப்போது குளிர்ந்த ஸ்டார்ட்டிலும் சத்தம் இல்லை.