கடலடி நகரம் ஹெராக்ளியான்: ஒரு கலைச்சொல்லுக்கு உதவி தேவை

நண்பர்களுக்கு வணக்கம். எகிப்தின் அபூகிர் விரிகுடாவில், கரையிலிருந்து ஏறத்தாழ 6.5 கிலோமீட்டர் தொலைவில் மூழ்கிக் கிடக்கும் தோனிஸ்-ஹெராக்ளியான் நகரைப் பற்றி, எங்கள் ஊர் நூலகத்துக்கு வரும் மாணவர்களுக்காக ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். பிரெஞ்சுக் கடலடித் தொல்லியலாளர் பிராங்க் காடியோவின் குழு 2000ஆம் ஆண்டில் கண்டறிந்த இந்நகரில் 700க்கும் மேற்பட்ட நங்கூரங்கள் கிடைத்துள்ளன. எகிப்தியரின் தோனிஸும் கிரேக்கரின் ஹெராக்ளியானும் ஒரே ஊர்தான் என்பதை உறுதிசெய்தது, முதலாம் நெக்டனெபோ மன்னனின் கருங்கல் சாசனம். கிரேக்கக் கடல்வழி வந்த பொருள்களின் வரியில் பத்தில் ஒரு பங்கை நீத் தெய்வத்தின் கோயிலுக்கு அளிக்கும் அந்த ஆள் உயரக் கல்லில், இத்தனை நூற்றாண்டுகள் கடந்தும் எழுத்துகள் மழுங்காமல் நிற்பதைப் படத்தில் பார்க்கும்போதெல்லாம் மெய்சிலிர்க்கிறது.

நான் தடுமாறுவது நகரம் அமிழ்ந்த காரணத்தை விளக்கும் இடத்தில்தான். நீர் கோத்த களிமண் படுகை, நிலநடுக்கத்தாலோ மேலே நின்ற கட்டடங்களின் பாரத்தாலோ இறுக்கம் இழந்து, குழம்புபோல இளகி, கோயில் சுவர்களையே உள்வாங்கிக்கொள்ளும் நிகழ்வுக்குத் தமிழில் நிலைத்துவிட்ட கலைச்சொல் எது? ‘மண் திரவமாதல்’ என்று எழுதிப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை. மண்ணியலோ கட்டடப் பொறியியலோ தமிழில் கற்றவர்கள், வரும் வெள்ளிக்கிழமைக்குள் தெரிவித்தால் பெரிதும் நன்றியுடையவனாக இருப்பேன்.