காஸ்ட் போட்டதும் எரர் போய்விட்டது, ஆனால் நீளமான வரி வந்தால் புரோகிராம் விழுகிறது

மழைக்குருவி:
வேறொருவர் எழுதிவிட்டுப் போன சி கோடு இது. கோப்பை வரி வரியாகப் படித்து எண்ண வேண்டும், அவ்வளவுதான். பழைய ஜிசிசியில் (சி கம்பைலர்) பாயின்டர் டைப் பொருந்தவில்லை என்று ஒரு வார்னிங் மட்டும் காட்டிவிட்டு பில்டு ஆகிக்கொண்டிருந்தது. ஜிசிசி 14க்கு மாறியதும் அதே இடத்தில் எரர். பெயர்களைத் தமிழில் மாற்றிப் போடுகிறேன்:

இன்ட் நீளம் = 0, எண்ணிக்கை = 0;
சார் *வரி = நல்;
வைல் (கெட்லைன்(&வரி, &நீளம், கோப்பு) != -1)
  எண்ணிக்கை++;

இரண்டாவது ஆர்கியுமென்டுக்கு (சைஸ்_டி *) என்று காஸ்ட் (டைப்பைக் கட்டாயமாக மாற்றுவது) போட்டேன், எரர் போய்விட்டது. சின்ன வரிகள் உள்ள கோப்பு ஒழுங்காக ஓடுகிறது. நடுவில் ஒரு நீளமான வரி வந்தால் ஹீப் (ஓடும்போது ஒதுக்கும் நினைவகம்) கெட்டுவிட்டது என்று அபார்ட் ஆகிறது. அதே வரியை கோப்பின் முதல் வரியாக மாற்றி வைத்தால் ஒன்றும் ஆவதில்லை! ஓ2 (வேகத்துக்கான ஆப்டிமைசேஷன் ஃப்ளாக்) போட்டு பில்டு செய்தாலும் பிரச்சினை இல்லை. கம்பைலர் கோளாறா?

அரைப்புள்ளி:
காஸ்டை எடுத்துவிட்டு எஃப்-பெர்மிஸிவ் ஃப்ளாக் போடுங்கள், 14இல் எரர் ஆனதெல்லாம் பழையபடி வார்னிங் ஆகிவிடும்.

எட்டுபைட்:
அது பில்டை ஓட வைக்கும், புரோகிராமைச் சரிசெய்யாது. கம்பைலர் மேல் தப்பில்லை, அது சரியான இடத்தைத்தான் காட்டியிருக்கிறது.

கெட்லைன் இரண்டாவது ஆர்கியுமென்டாக எதிர்பார்ப்பது, பஃபரின் அளவை வைக்கும் சைஸ்_டி வேரியபிளின் முகவரி. 64 பிட் லினக்ஸில் சைஸ்_டி 8 பைட், இன்ட் 4 பைட். காஸ்ட் போட்டதால் முகவரியின் பெயர்ப்பலகைதான் மாறியது, அங்கே இருக்கும் இடம் அதே 4 பைட். மீதி 4 பைட் பக்கத்து வேரியபிளுடையது, உங்கள் கோடில் அது பெரும்பாலும் 'எண்ணிக்கை'.

இனி நடப்பதைப் பாருங்கள். முதல் அழைப்பில் வரி நல் என்பதால் ஜிலிப்சி (லினக்ஸின் சி லைப்ரரி) 120 பைட் பஃபர் ஒதுக்கி, 120 என்று 8 பைட்டாக எழுதுகிறது. எண்ணிக்கை அப்போது 0தான், மேல் பாதியில் விழுவதும் 0, யாருக்கும் தெரியாது. அப்புறம் எண்ணிக்கை 1 ஆகிறது. அடுத்த அழைப்பில் கெட்லைன் அந்த 8 பைட்டையும் சேர்த்துப் படித்தால் 4294967416 என்று வரும். அதாவது 4 ஜிபிக்கு மேல் பஃபர் இருப்பதாக நினைத்துக்கொண்டு, உண்மையில் 120 பைட்டே உள்ள இடத்தில் நீளமான வரியை அப்படியே கொட்டுகிறது, ரீஅலாக் செய்வதே (பஃபரைப் பெரிதாக்குவதே) இல்லை. நீளமான வரி முதலில் வந்தால் எண்ணிக்கை இன்னும் 0, அதனால் ரீஅலாக் நடந்து பஃபர் வளர்ந்துவிடுகிறது.

ஓ2வில் எண்ணிக்கை ரெஜிஸ்டரிலேயே தங்கிவிட்டிருக்கும், ஏனென்றால் அதன் முகவரியை யாரும் எடுக்கவில்லை. அந்த 4 பைட் காலி இடமாக அமைந்ததால் தப்பித்தது, நாளைக்கு அருகில் இன்னொரு வேரியபிள் சேர்த்தால் மறுபடி விழலாம்.

தீர்வு ஒரே சொல்: 'நீளம்' என்பதை சைஸ்_டி என்று அறிவியுங்கள், காஸ்டை எடுத்துவிடுங்கள்.

மழைக்குருவி:
மாற்றிவிட்டேன், ஓடுகிறது, நன்றி. இதே புராஜெக்டில் வேறொரு மேக்ஃபைல் இருக்கிறது, அது சி99 என்று ஸ்டாண்டர்டைக் குறிப்பிட்டு பில்டு செய்கிறது. அங்கே ஸ்ட்ர்டூப் (ஸ்ட்ரிங்கை நகலெடுக்கும் ஃபங்ஷன்) அறிவிக்கப்படவில்லை என்று எரர். ஸ்ட்ரிங் ஹெடர் மேலேயே இருக்கிறதே? இங்கேயும் (சார் *) காஸ்ட் ஒன்று ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது.

பின்குறி:
சி99 என்று கறாராகச் சொன்னால் அந்த ஸ்டாண்டர்டில் இல்லாததை ஹெடர் மறைத்துவிடும். ஸ்ட்ர்டூப் பாசிக்ஸில் (யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான ஸ்டாண்டர்டு) இருந்து வருவது, சி23இல்தான் ஸ்டாண்டர்டுக்குள் வந்தது. அறிவிப்பு இல்லாத ஃபங்ஷன் இன்ட் திருப்பும் என்று பழைய கம்பைலர் தானாக வைத்துக்கொள்ளும். சி99 அந்த வழக்கத்தையே நீக்கிவிட்டது, ஆனால் ஜிசிசி 13 வரை வார்னிங்கோடு விட்டு வைத்திருந்தது. விளைவு, 8 பைட் முகவரியில் கீழ் 4 பைட் மட்டும் திரும்பி வரும். பிஐஇ (எந்த முகவரியிலும் ஏற்றக்கூடிய எக்ஸிகியூட்டபிள்) இல்லாத பில்டில் ஹீப் பல நேரம் தாழ்ந்த முகவரியிலேயே இருக்கும், அதனால் வருடக்கணக்கில் ஓடியிருக்கலாம்.

சி99க்குப் பதில் க்னூ99 (சி99உடன் ஜிசிசியின் நீட்சிகளும்) போடுங்கள், அல்லது எல்லா ஹெடருக்கும் முன்னால் பாசிக்ஸ் சோர்ஸ் மேக்ரோவை 200809 என்று டிஃபைன் செய்யுங்கள். அந்தக் காஸ்டைத் தூக்கிவிடுங்கள், அறிவிப்பு சரியாக இருந்தால் அது தேவையே இல்லை.

அரைப்புள்ளி:
எல்லா காஸ்டும் தப்பு என்கிற மாதிரி பேசுகிறீர்களே? நெட்வொர்க் பஃபரைப் படிக்க காஸ்ட் இல்லாமல் எப்படி?

எட்டுபைட்:
அன்சைன்டு சார் பாயின்டராக மாற்றிப் படிப்பதை ஸ்டாண்டர்டே அனுமதிக்கிறது. எதிர்த்திசையில், சார் பஃபரை இன்ட் பாயின்டராக்கிப் படித்தால் அலைன்மென்ட் பிரச்சினை ஒரு பக்கம், ஓ2வில் ஸ்ட்ரிக்ட் அலையாஸிங் (வெவ்வேறு டைப் பாயின்டர்கள் ஒரே இடத்தைக் காட்டாது என்று கம்பைலர் வைத்துக்கொள்வது) இன்னொரு பக்கம். அங்கே மெம்காப்பி (பைட்டுகளை நகலெடுக்கும் ஃபங்ஷன்) போதும், கம்பைலர் அதைப் பெரும்பாலும் ஒரே லோடாகச் சுருக்கிவிடும், வேகமும் குறையாது.

மழைக்குருவி, கோடு முழுவதிலும் '*)&' என்று தேடிப் பாருங்கள். ஒரு வேரியபிளின் முகவரியை காஸ்ட் செய்யும் இடங்களில் பெரும்பாலானவை சிக்கிவிடும். ஷார்ட் வேரியபிளுக்கு (இன்ட் *) போட்டு ஸ்கேன்எஃப் கூப்பிட்டிருந்தால் அதுவும் இதே கதை, டபிள்யூ-ஆல் (வார்னிங்குகளைக் காட்டச் சொல்லும் ஃப்ளாக்) கூடக் காட்டாது, காஸ்ட் வாயை அடைத்திருக்கும்.