ஆட்டோமேட்டிக் காரில் இடது காலால் பிரேக்: கலைச்சொல் தேவை

செ. (மதுரை):
அன்பர்களே, வணக்கம். ஓட்டுநர் பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கியர் வண்டியிலிருந்து ஆட்டோமேட்டிக்குக்கு மாறுபவர்களிடம் இடது காலால் பிரேக் பிடிக்காதீர்கள் என்று பக்கத்துக்குப் பக்கம் சொல்கிறது. அந்தப் பழக்கத்துக்கு ஒரு பெயர் வேண்டும். 'இடக்கால் தடுப்பு' சரியா?

ந. (தஞ்சாவூர்):
"மவ்வீறு ஒற்றழிந்து உயிரீறு ஒப்பவும் வன்மைக்கு இனமாத் திரிபவும் ஆகும்" என்பது நன்னூல். சொல்லின் ஈற்று 'ம்' கெடலாம், அடுத்து வரும் வல்லினத்துக்கு இனமான மெல்லினமாகத் திரியவும் செய்யலாம். இடம் + கால் இடக்கால் ஆகும், இடங்கால் என்றும் ஆகும். சோழர் கல்வெட்டில் வலங்கை வேளைக்காரப் படைகள் வருவதால் எனக்கு இடங்காலே உகப்பு. ஆனால் 'தடுப்பு' வேண்டாம். அது தடுப்பூசிக்கும் தடுப்புச் சுவருக்கும் போய்விட்டது. தேரை முட்டுக்கட்டை போட்டுத்தானே நிறுத்தினோம்? திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்தியது பிற்காலத்தில். அதற்கு முன்பே சொல் நம்மிடம் இருந்தது. 'இடங்கால் முட்டு' என்று வைக்கலாம்.

சு. (கோவை):
ஐயா, கால்முட்டு என்றால் எங்கள் ஊரில் முழங்கால். படிப்பவர் முட்டிவலி மருத்துவம் என்று நினைப்பார்.

பெயருக்கு முன் நடப்பதைப் பார்ப்போம். கியர் வண்டியில் கிளட்ச் மிதித்துப் பழகிய இடது கால் அடிவரை அழுத்தும். அதைப் பிரேக்கில் வைத்தால் வண்டி வெடுக்கென்று நிற்கும். பின்னால் வருபவர் இடித்துவிடுவார். கால் லேசாக மிதியிலேயே கிடந்தால் பிரேக் விளக்கு அணையாது, சக்கரத்தைப் பிடிக்கும் பிரேக் பேட் சூடேறித் தேயும். பதற்றத்தில் இரண்டு காலும் சேர்ந்து அழுத்துவதுதான் பெரிய ஆபத்து.

ஆனால் கோ-கார்ட் என்ற சிறு பந்தய வண்டியில் பிரேக்குக்கு இடது கால்தான். 1960களில் பின்லாந்தின் ராலி கார்ப்பந்தய ஓட்டுநர்கள் மினி கூப்பரில் ஆக்ஸிலேட்டரை விடாமலே இடது காலால் பிரேக்கைத் தொட்டு, வளைவில் வண்டியின் பின்பக்கத்தைத் திருப்பினார்கள். அங்கே அது தேர்ந்த கலை. ஆகவே பெயரில் பழிப்பு தொனிக்கக் கூடாது. 'இடக்கால்' என்றால் எனக்கு 'இடக்கு' காதில் விழுகிறது. இடதுகால் என்றே இருக்கட்டும்.

க. (யாழ்ப்பாணம்):
நாங்கள் 'பிறேக்' என்று எழுதுவோம், ஆனாலும் பிடிப்பதுதான்! மிதிப்பது கால் என்றாலும் வினை 'பிடி'. சடுதியாக என்றால் 'அடி'. ஊர் வாயில் இருக்கிற வினையை விட்டுவிட்டு ஏன் பெயர்ச்சொல் தேடுகிறோம்? 'இடதுகால் பிறேக் பிடிப்பு' என்றால் பழகுநருக்கு உடனே விளங்கும்.

ம. (சென்னை):
'வேகத்தடை' போடலாமே?

சு.:
அது சாலையில் இருக்கும் மேடு, அம்மா. கையேட்டிலேயே வேறு பாடத்தில் வருகிறது.

ந.:
பிரேக்கை அப்படியே விட்டால் நாளை கியர், கிளட்ச், ஆக்ஸிலேட்டர் எல்லாம் வரிசையில் நிற்கும். புரிய வேண்டும் என்பதை மறுக்கவில்லை. 'பேருந்து' முதல் நாளே எல்லாருக்கும் புரிந்ததா? புழங்கித்தானே நிலைத்தது? 'பிடிப்பு' நல்ல சொல், ஏற்கிறேன். ஆனால் கழுத்துப் பிடிப்பும் அதே சொல்தான். அதற்கு மட்டும் யாரும் சிரிக்கவில்லை.

செ.:
நேரமில்லை. பெரும்பாலோர் சொன்ன 'இடதுகால் பிரேக் பிடிப்பு' கையேட்டின் பாடங்களில் போகிறது. சொல்லடைவில் 'இடக்கால் தடுப்பு' என்றும் சேர்க்கிறேன்.

ந.:
என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். அடுத்த பதிப்பில் மறுபடி கேட்பேன்.

க.:
சரி, ஹேண்ட் பிறேக்குக்கு என்ன போட்டிருக்கிறீர்கள்?