வாய் திறந்தால் கட்சி, மூடினால் நடுநிலையா?

கரைவிளக்கு எழுதியது:

வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றப்படும் குடும்பங்களுக்கு இலவசச் சட்ட உதவி செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்தில் செய்தித் தொடர்பைக் கவனித்து வருகிறேன். வீட்டைக் காலி செய்வதற்கான முன்னறிவிப்புக் காலத்தைப் பாதியாகக் குறைக்கும் சட்ட முன்வடிவை அரசு அண்மையில் கொண்டுவந்தபோது, எங்கள் சமூக ஊடகப் பக்கத்தில் இரண்டே வாக்கியங்கள் எழுதினேன். “இது சட்டமானால், எங்களிடம் வரும் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு மாற்று வீடு தேடக்கூட நேரம் இருக்காது” என்பது முதலாவது. “இந்த அரசு ஏழைகளுக்குத் துரோகம் செய்துவிட்டது” என்பது இரண்டாவது. ஆறு மணி நேரத்துக்குள், அறங்காவலர் இருவரின் வற்புறுத்தலால், பதிவு முழுவதும் நீக்கப்பட்டது. அதற்குள் அதைப் படமெடுத்து வைத்திருந்தவர்கள் பரப்பிவிட்டார்கள். அரசை ஆதரிப்பவர்கள் எழுதியதற்காகவும் எதிர்ப்பவர்கள் நீக்கியதற்காகவும் எங்களைத் திட்டினார்கள்.

இப்போது அரசியல் நடுநிலை பற்றி ஒரு பக்க அளவில் கொள்கை அறிக்கை எழுதும்படி குழு என்னையே பணித்திருக்கிறது. அவர்கள் கொடுத்த முன்வரைவில் ஒரே வரிதான் உள்ளது: “அரசியல் தன்மை கொண்ட எந்தப் பொருள் குறித்தும் நிறுவனம் பொதுவெளியில் கருத்துக் கூறாது.” அந்த வரியை என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதைக் குழுவின் முன் தெளிவாக எடுத்துவைக்கவும் இயலவில்லை. இத்துறையில் பழகியவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பழைய ஏடு எழுதியது:

அந்த வரியை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து. ஒரு தொண்டு நிறுவனத்தின் வரவு செலவுகளை நெடுங்காலம் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: எந்தக் கட்சிக்காரரும் தயக்கமின்றி நம் வாசற்படி ஏறலாம் என்ற நம்பிக்கையே நம்முடைய முதல். அதைச் சேர்க்கப் பல ஆண்டுகள் ஆகும். இழப்பதற்கு உங்கள் இரண்டாவது வாக்கியம் போதும்.

செஞ்சிலுவை இயக்கம் 1965-இல் வியன்னா மாநாட்டில் ஏழு அடிப்படைக் கோட்பாடுகளை அறிவித்தபோது, நடுநிலையை அவற்றுள் ஒன்றாக வைத்தது. போரிடுவோரில் எவர் பக்கமும் சேர்வதில்லை, அரசியல், இன, சமய, கொள்கைச் சர்ச்சைகளில் எக்காலத்திலும் ஈடுபடுவதில்லை என்பது அதன் பொருள். அக்கோட்பாடு அதற்கான காரணத்தையும் சேர்த்தே கூறுகிறது: அனைவருடைய நம்பிக்கையையும் தொடர்ந்து பெறுவதற்காக. செஞ்சிலுவைப் பிரதிநிதிகள் சிறைக்குள் சென்று கைதிகளைத் தனியே சந்திக்க முடிவது, வெளியே வந்ததும் பத்திரிகையாளர்களிடம் பேசமாட்டார்கள் என்று சிறை வைத்திருப்பவன் நம்புவதால்தான். உங்கள் நிறுவனமும் வீட்டு உரிமையாளர்களோடும் அரசு அலுவலர்களோடும் நாள்தோறும் பேச வேண்டியிருக்கும் அல்லவா? அவர்களில் பாதிப்பேரை ஒரே மாலையில் எதிரிகளாக்கிக்கொண்டு, யாருக்காக யாரிடம் போய்ப் பேசப் போகிறீர்கள்?

நெருஞ்சி எழுதியது:

செஞ்சிலுவையைச் சான்றுக்கு அழைத்ததால் அந்தச் சாட்சியை நானும் குறுக்கு விசாரணை செய்கிறேன். 1942 அக்டோபர் 14 அன்று பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழு ஜெனீவாவில் கூடியது. யூதர்கள் நாடு கடத்தப்படுவது பற்றிய செய்திகள் அதன் கைக்கு அப்போதே வந்திருந்தன. போரிடும் நாடுகளை நோக்கிய பொது வேண்டுகோளின் வரைவும் மேசையில் இருந்தது. அதை வெளியிடுவதில்லை என்று முடிவு செய்து கலைந்தார்கள். நடுநிலை கெடும், போர்க் கைதிகளுக்கான பணி கெடும் என்று அன்று சொல்லப்பட்ட காரணங்களும் பழைய ஏடு இன்று சொல்லும் காரணங்களும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்த மௌனம் தன் வரலாற்றின் பெருந்தோல்வி என்று அக்குழுவே பின்னாளில் ஒப்புக்கொண்டது.

அத்தகைய மௌனத்தின் மீதிருந்த அதிருப்தியிலிருந்தே 1971-இல் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு பிறந்தது. நைஜீரியாவின் பயாஃப்ரா போரில் பணியாற்றித் திரும்பிய பிரெஞ்சு மருத்துவர்கள் சிலர், நோயாளிக்கு மருந்து கொடுப்பதோடு அவரை அந்நிலைக்கு ஆளாக்கியது எது என்று சொல்வதும் மருத்துவரின் கடமை என்று கருதினார்கள். 1985-இல் எத்தியோப்பிய அரசு பஞ்ச நிவாரணத்தைப் பயன்படுத்தி மக்களைக் கட்டாயமாக இடம்பெயர்த்தபோது அவ்வமைப்பின் பிரெஞ்சுப் பிரிவு அதை வெளிப்படையாகக் கண்டித்தது. வாடகைச் சட்டத்தைப் படுகொலையோடு ஒப்பிடுகிறேன் என்று யாரும் வர வேண்டாம். நான் ஒப்பிடுவது மௌனத்துக்குச் சொல்லப்படும் காரணங்களை மட்டுமே.

பழைய ஏடு எழுதியது:

எத்தியோப்பியக் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். கண்டித்த பிரிவு நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டது. பேசாதிருந்த வேறு பல அமைப்புகள் அங்கேயே இருந்து சோறும் மருந்தும் கொடுத்தன. வெளியேற்றப்பட்ட மருத்துவரின் மனசாட்சி தூய்மையாக இருக்கலாம். அவருடைய நோயாளிக்கு அதனால் என்ன கிடைத்தது?

செஞ்சிலுவை ஒருபோதும் வாய் திறக்காது என்று நான் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். எப்போது பொதுவெளியில் கண்டிப்பது என்பதற்கு அது நிபந்தனைகள் வைத்திருக்கிறது: மீறல் பெரியதாகவும் திரும்பத் திரும்ப நிகழ்வதாகவும் இருக்க வேண்டும், தன் பிரதிநிதிகள் நேரில் கண்டதாகவோ நம்பத்தக்க சான்றால் உறுதியானதாகவோ இருக்க வேண்டும், தனிப்பட்ட முறையில் எடுத்துச் சொல்லிப் பயன் கிட்டாமல் போயிருக்க வேண்டும், வெளியே சொல்வது பாதிக்கப்பட்டவர்களுக்கு நன்மை செய்ய வேண்டும். ஈரான், ஈராக் போரின்போது 1983-இல் அவ்வாறு வெளிப்படையாகவே பேசியது. கரைவிளக்கு அவர்களே, உங்கள் பதிவு இவற்றில் எத்தனையை நிறைவேற்றியது? சட்ட முன்வடிவைக் கொண்டுவந்த துறைக்கு ஒரு கடிதமாவது எழுதினீர்களா?

கரைவிளக்கு எழுதியது:

எழுதவில்லை. அது என் தவறு என்று ஒப்புக்கொள்கிறேன்.

நூலிழை எழுதியது:

இருவரும் ‘அரசியல்’ என்ற ஒரே சொல்லை இரண்டு பொருளில் பயன்படுத்துகிறீர்கள். கட்சிக்கோ வேட்பாளருக்கோ ஆதரவாகவும் எதிராகவும் பேசுவது ஒன்று. தான் பணியாற்றும் துறையைப் பாதிக்கும் சட்டத்தைப் பற்றிப் பேசுவது மற்றொன்று. சட்டங்கள் இவ்வேறுபாட்டைப் பல நாடுகளில் அறிந்தே வைத்திருக்கின்றன. அமெரிக்காவில் 1954-இல், அப்போது செனட்டராக இருந்த லிண்டன் ஜான்சன் கொண்டுவந்த திருத்தம், வரிவிலக்குப் பெற்ற அறநிறுவனங்கள் தேர்தல் வேட்பாளருக்காகவோ எதிராகவோ பிரசாரம் செய்வதைத் தடை செய்தது. ஆனால் சட்டங்கள் குறித்து வாதாடுவதை அங்குள்ள வரிச்சட்டம் முற்றாகத் தடுக்கவில்லை. அது நிறுவனத்தின் பணியில் பெரும்பங்காகிவிடக் கூடாது என்கிறது, அவ்வளவே. ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 2010-இல், அரசின் வெளிநாட்டு உதவியை விமர்சித்து வந்த ஓர் அமைப்பின் வழக்கில், பொது விவாதத்தை உருவாக்குவதே பொதுநன்மை ஆகலாம் என்று தீர்ப்பளித்தது. கனடா 2018-இல் சட்டத்தைத் திருத்தி, தன் நோக்கத்துக்காகக் கொள்கை விவாதத்தில் ஈடுபடும் அறநிறுவனங்களுக்கு இருந்த அளவுக் கட்டுப்பாட்டை நீக்கியது. இந்திய உச்ச நீதிமன்றமும் 2020-இல், வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் ‘அரசியல் தன்மை’ என்பதற்கு வரம்பு வகுத்தபோது, கட்சி அரசியலோடு தொடர்பில்லாமல் பொதுக் காரியத்துக்குக் குரல் கொடுக்கும் அமைப்புகளை அந்த வலைக்குள் கொண்டுவரக் கூடாது என்றது. உங்கள் குழுவின் ஒற்றை வரி இந்தச் சட்டங்கள் கேட்பதைவிடக் கடுமையானது. சட்டம் போடாத விலங்கைத் தாமே பூட்டிக்கொள்ள விரும்பினால் அதற்கான காரணத்தையும் அறங்காவலர்களே சொல்லட்டும்.

உங்கள் இரண்டாவது வாக்கியம் வேறு கதை. 2023 ஆகஸ்டில், பிரிட்டனின் பறவைகள் பாதுகாப்புச் சங்கம், ஆற்றுநீர் மாசு விதிகளைத் தளர்த்த முயன்ற அமைச்சர்களைப் பெயர் சொல்லிப் ‘பொய்யர்கள்’ என்று சமூக ஊடகத்தில் எழுதியது. மறுநாளே மன்னிப்புக் கேட்டது. கொள்கையை எதிர்ப்பதில் பின்வாங்கவில்லை, ஆட்களைத் தாக்கியதற்காகவே வருந்துகிறோம் என்றார்கள். ஆனால் அதன்பின் எங்கும் பேசப்பட்டது அந்த ஒரு சொல்தான்; ஆற்றுநீர் மறந்துபோயிற்று.

நெருஞ்சி எழுதியது:

நூலிழையின் கோடு தாளில் நேராக இருக்கிறது. தரையில் அப்படி இருப்பதில்லை. 2014-இல் பிரிட்டனின் வறுமை ஒழிப்பு அறநிறுவனமான ஆக்ஸ்ஃபாம், திரைப்பட விளம்பரம் போன்ற ஒரு படத்தை வெளியிட்டது. நிலையற்ற வேலை, விலைவாசி, உதவித்தொகைக் குறைப்பு ஆகியவை சேர்ந்து பெரும்புயலாகி மக்களை வறுமையில் தள்ளுகின்றன என்பது செய்தி. எந்தக் கட்சியின் பெயரும் அதில் இல்லை. இருந்தும் ஆளும் கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் புகார் கொடுத்தார். கட்சிச் சார்பாக நடக்கும் எண்ணம் ஆக்ஸ்ஃபாமுக்கு இல்லை என்பதை ஏற்றுக்கொண்ட பிரிட்டனின் அறநிறுவன ஆணையம், அவ்வாறு தோன்றாமல் இருக்க இன்னும் கவனம் எடுத்திருக்க வேண்டும் என்றும் சொன்னது. வறுமைக்கான காரணங்களைப் பட்டியலிட்டாலே அது ஆளுங்கட்சியின் மீதான தாக்குதலாகத் தோன்றுமென்றால், எந்தச் சொல் நடுநிலையானது என்பதைத் தீர்மானிப்பவர் நாமா, எளிதில் மனம் புண்படுபவரா? ஒரு கட்சி ஒரு சொல்லைக் கையில் எடுத்துக்கொண்டதும் நாம் அதைக் கீழே போட்டுவிட வேண்டுமானால், நாளடைவில் நம் வேலையை விவரிக்கவே சொல் மிஞ்சாது.

இன்னொன்றும் இருக்கிறது, அதை யாரும் இதுவரை தொடவில்லை. அமைச்சர் வந்து புதிய கட்டடத்தைத் திறந்து வைக்கும்போது, மாலையும் கையுமாக நான்கு படங்களைப் போட்டு, ‘மாண்புமிகு அமைச்சரின் பெருங்கருணைக்கு நன்றி’ என்று எழுதுகிறோம். அது அரசியல் என்று எந்த அறங்காவலரும் பதறி நான் பார்த்ததில்லை. புகழ்ச்சிக்கு இல்லாத நடுநிலை குறை சொல்லும்போது மட்டும் நினைவுக்கு வருமானால், அதற்குப் பணிவு என்று பெயர்.

பழைய ஏடு எழுதியது:

கடைசிப் பத்திக்கு என்னிடம் மறுப்பில்லை. நானே அப்படிப்பட்ட படங்களில் ஓரமாக நின்றிருக்கிறேன். ஆக்ஸ்ஃபாம் குறித்து மட்டும் ஒன்று. அந்தப் படத்துக்குப் பின்னால் விரிவான ஆய்வறிக்கை இருந்தது; ஆனால் சமூக ஊடகத்தில் படம் அறிக்கையைக் கழற்றிவிட்டுத் தனியே ஊர் சுற்றும். அதற்கு இணைய வாசகரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. தனியே சுற்றினாலும் தவறாகப் படிக்க முடியாத வாக்கியத்தை எழுதுவது எழுதுபவரின் வேலை.

தும்பை எழுதியது:

நான் எந்த நிறுவனத்திலும் வேலை செய்பவள் அல்ல. இதுபோன்ற ஓர் அமைப்பிடம் உதவி பெற்றவள் என்பதால் எழுதுகிறேன். எங்களைக் காலி செய்யச் சொன்னபோது அவர்களுடைய வழக்கறிஞர்தான் எங்களுக்கு நேரம் வாங்கித் தந்தார். நான் அப்போதும் இப்போதும் ஆளும் கட்சிக்கு வாக்களிப்பவள். ‘துரோகம் செய்த அரசு’ என்று அவர்கள் பக்கத்தில் அன்று படித்திருந்தால், இது நமக்கான இடமில்லை என்று வாசலோடு திரும்பியிருப்பேன். வீடு போகும் நேரத்தில் கட்சி பார்ப்பார்களா என்று நீங்கள் கேட்கலாம். இவர்கள் நம்மை எப்படி நடத்துவார்களோ என்று அந்த நேரத்தில்தான் மனம் அதிகமாகக் கணக்குப் பார்க்கும்.

ஆனால் முதல் வாக்கியத்தை எடுத்தது ஏன் என்று எனக்குப் புரியவில்லை. அது எனக்கு நடந்ததுதானே? என் கட்சி கொண்டுவந்த சட்டமாக இருந்தாலும் நாள் போதாது என்பது உண்மை. அதைச் சொல்ல அவர்களும் பயந்தால், நாங்கள் யாரிடம் போவது?

நூலிழை எழுதியது:

தும்பை அவர்கள் சொன்னதோடு பொருந்தும் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். 2021-இல் பிரிட்டனின் உயிர்காப்புப் படகு நிறுவனம், ஆங்கிலக் கால்வாயைச் சிறு படகுகளில் கடந்து வரும் அகதிகளை மீட்பதற்காகக் கடும் தாக்குதலுக்கு உள்ளானது. அது தாக்கியவர்களைத் திருப்பித் தாக்கவில்லை. குடியேற்றக் கொள்கை சரியா தவறா என்றும் பேசவில்லை. கடலில் தத்தளிப்பவர் யார், எங்கிருந்து வந்தார் என்று பார்த்து நாங்கள் மீட்பதில்லை என்று தன் வேலையை மட்டும் விவரித்தது. அதைத் தொடர்ந்து நன்கொடைகள் வழக்கத்தைவிடப் பல மடங்கு வந்தன. நன்கொடை வந்ததால் அது சரி என்று சொல்ல வரவில்லை, வராமலும் போயிருக்கலாம். ஆளைச் சுட்டாமலே உறுதியாக நிற்க முடியும் என்பதற்காகச் சொன்னேன்.

கரைவிளக்கு எழுதியது:

அனைவருக்கும் நன்றி. தும்பை அவர்களின் பதிவைப் படித்தபின், குழுவின் ஒற்றை வரியோடு என் இரண்டாவது வாக்கியத்தையும் கைவிட்டேன். இப்போது எழுதியிருக்கும் வரைவு இது: “எங்களிடம் உதவி நாடி வருவோரின் வாழ்வில் நாங்கள் நேரில் கண்டதை, எந்தச் சட்டம் அதை எவ்வாறு பாதிக்கிறது என்பதை, ஆட்சியில் எவர் இருந்தாலும் ஒரே விதமான சொற்களில் சொல்வோம். கட்சிகளையும் வேட்பாளர்களையும் ஆதரித்தோ எதிர்த்தோ பேசமாட்டோம். பொதுவெளியில் சொல்லும் முன், இயன்றவரை, உரிய துறைக்கு எழுத்தில் தெரிவிப்போம். வெளியிட்ட பதிவைத் திருத்தவோ நீக்கவோ நேர்ந்தால், அதற்கான காரணத்தை அதே இடத்தில் அறிவிப்போம்.”

பழைய ஏடு எழுதியது:

‘இயன்றவரை’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். அவசரத்தில் எல்லாரும் அந்தச் சந்து வழியாகத்தான் ஓடுவார்கள். இரவு பத்து மணிக்கு ஒரு பதிவை இருத்துவதா நீக்குவதா என்று முடிவு செய்யும் இருவர் யார் என்பதையும் எழுதி வையுங்கள். இவ்வளவுக்குப் பிறகும், இதை நான் அரைமனத்தோடுதான் ஏற்கிறேன்.

நெருஞ்சி எழுதியது:

‘இயன்றவரை’ இருக்கட்டும். நாளை காலையில் ஒரு குடும்பம் தெருவுக்கு வரப்போகிறது என்றால், துறையிலிருந்து பதில் கடிதம் வரும்வரை காத்திருக்க முடியாது. அத்துடன், மாலையும் கையுமாகப் போடும் படங்களைப் பற்றி வரைவில் ஒரு சொல்கூட இல்லையே.

கரைவிளக்கு எழுதியது:

‘இயன்றவரை’யைக் குழுவின் முடிவுக்கு விட்டுவிட்டேன். இரவில் முடிவெடுக்கும் இருவரின் பெயரைக் கேட்டிருக்கிறேன். நன்றி கூறும் பதிவுகளுக்கும் இதே விதி பொருந்தும் என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டேன். கூட்டத்தில் முதலில் அடிபடப் போவது அந்த வரிதான் என்று நினைக்கிறேன்.