செலவு ஆப் போட்டு மூணு மாசமாச்சு, செலவு குறையல. எங்க தப்பு பண்றோம்?

உறையூர்க்காரி:
எல்லாருக்கும் வணக்கம். திருச்சியில வாடகை வீடு, நான், வீட்டுக்காரர், ரெண்டு பிள்ளைங்க, அத்தை. ரெண்டு பேர் சம்பளமும் சேர்த்து 58,000 வருது ஆனா 22 தேதிக்கு மேல கையில ஒண்ணும் நிக்கிறதில்ல. பேங்க் மெசேஜ படிச்சு தானே கணக்கு எழுதிக்கும்னு சொன்னாங்கன்னு ஒரு ஆப் போட்டேன். வாடகை 11,000, மளிகை 9,500னு கலர் கலரா வட்டம் போட்டு காட்டுது, அதெல்லாம் எனக்கே தெரியும். "இதர"ன்னு மாசாமாசம் 7,000, 8,000 நிக்குதே அது எங்க போகுதுன்னுதான் தெரியல. போதாக்குறைக்கு கரண்ட் பில் போன தடவ 1,800 சொச்சம், இந்த தடவ 2,100 தாண்டிருச்சு, அப்படி ஒண்ணும் கூடுதலா ஓட்டவும் இல்ல. யாராவது இந்த மாதிரி ஆப் வச்சு நிஜமாவே செலவ குறைச்சிருந்தா எப்படின்னு சொல்லுங்க ப்ளீஸ்.

ராக்கணக்கு:
சிஸ்டர், மெசேஜ் வந்தாதான் ஆப்புக்கு தெரியும். சில பேங்க்ல யூபிஐல 100 ரூபாய்க்கு கீழ அனுப்பினா எஸ்எம்எஸ்ஸே வராது. டீ, கொத்தமல்லி கட்டு, பிள்ளைங்களுக்கு பப்ஸ், எல்லாமே அந்த 100க்குள்ளதான? அதோட வீட்ல யாராவது யூபிஐ லைட் (சின்ன செலவுக்குன்னு முன்னாடியே பணம் ஏத்தி வைக்கிறது) வச்சிருக்கீங்களான்னு பாருங்க. லைட்ல 2,000 ஏத்தினா பாஸ்புக்ல அந்த 2,000 ஒரே வரியா விழும், அதுக்கப்புறம் கடைகடையா போறது பேங்க் கணக்குல வரவே வராது. ஏடிஎம்ல எடுக்கிறதும் அப்படித்தான், எடுத்தது தெரியும் எதுக்குன்னு தெரியாது. உங்க இதர பூரா இதாத்தான் இருக்கும்.

நாங்க அந்த தானா எழுதுற ஆப்ப எடுத்துட்டு கையால போடுற ஆப்புக்கு மாறிட்டோம். ராத்திரி சாப்ட்டு பாத்திரம் கழுவினதும் நானும் வீட்டம்மாவும் அஞ்சு நிமிஷம் உக்காந்து ரெண்டு போன்லயும் அன்னிக்கு போனத பாத்து போடுவோம். கையால 40 ரூபான்னு அடிக்கும்போதுதான் இது நேத்தும் போச்சேன்னு உறைக்குது. இன்னொண்ணு, எஸ்எம்எஸ் பர்மிஷன் குடுத்தா ஓடிபியும் அதே இன்பாக்ஸ்லதான் இருக்கு, கணக்கு ஆப்னு சொல்லிட்டு கடன் வேணுமான்னு கேக்குற ஆப்பா இருந்தா உடனே தூக்கிருங்க.

மீட்டர்பெட்டி:
அக்கா, கரண்ட் பில்லு பத்தி மட்டும் சொல்றேன். நீங்க 500 யூனிட்ட லேசா தாண்டிருப்பீங்க. ரெண்டு மாசத்துக்கு 500 வரைக்கும்னா முதல் 100 இலவசம், அடுத்த 100 குறைஞ்ச ரேட்டு. 501 ஆச்சுன்னா அந்த குறைஞ்ச ரேட்டு போயிரும். 2022 செப்டம்பர் ரேட்டுல போட்டு பாத்தீங்கன்னா 500 யூனிட்டுக்கு 1,725, 510 யூனிட்டுக்கு 2,030. பத்தே யூனிட்டுக்கு 305 ரூபா! இப்ப ரேட்டு இன்னும் கொஞ்சம் ஏறிருக்கு, கணக்கு போடுற முறை அதேதான்.

இத எந்த ஆப்பும் சொல்லாது, பில்லு கட்டுனதுக்கப்புறம்தான அதுக்கே தெரியும். ரீடிங் எடுத்த தேதிய குறிச்சு வச்சுக்கங்க, ஞாயித்துக்கிழமை தோறும் மீட்டர போட்டோ எடுங்க. நம்பர் மாறி மாறி ஓடும், கேடபிள்யூஹெச்னு வர்றதுதான் நம்ம யூனிட்டு, அதுலேர்ந்து போன ரீடிங்க கழிச்சா இதுவரைக்கும் ஓடுனது தெரியும். நாளுக்கு 8 யூனிட்டுக்குள்ள இருந்தா தாண்டாது. எங்க வீட்ல ஆறாவது வாரம் அப்படி கழிச்சு பாத்தா 390 வந்துச்சு, அப்பவே ஏசிய 24லேர்ந்து 27க்கு ஏத்தி ஃபேனும் சேத்து போட்டோம், 488ல நின்னுச்சு.

தாம்பரம்மாமி:
யூபிஐ ஆப்ல ஆட்டோபேன்னு, மாசாமாசம் தானா பணம் பிடிக்கறதெல்லாம் காட்டற ஒரு இடம் இருக்கும், அதையும் திறந்து பாரும்மா. என் பையன் ட்ரையல்னு போட்டு மறந்த ஓடிடி ஒண்ணு எட்டு மாசமா 299 பிடிச்சிண்டிருந்தது. பிடிக்கறதுக்கு முந்தின நாளே மெசேஜ் வரும், நாமதான் விளம்பரம்னு தள்ளிடறோம். அங்கயே கேன்சல் பண்ணிடலாம்.

உறையூர்க்காரி:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். இப்பதான் உக்காந்து பாத்தோம். ஆட்டோபேல ஒண்ணும் இல்ல. ஆனா அவர் போன்ல லைட் இருக்கு, போன மாசம் மட்டும் 4,300 ஏத்திருக்கார். அதுல 1,450 அத்தையோட பிரஷர் சுகர் மாத்திரை, அவர் ஆபீஸ் விட்டு வர்ற வழியில கொஞ்சம் கொஞ்சமா வாங்கிட்டு வந்திருக்கார், எனக்கு தெரியவே தெரியாது. நான் என்னமோ பிள்ளைங்க ஸ்நாக்ஸ்தான்னு நினைச்சு திட்டிக்கிட்டு இருந்தேன், மனசு கஷ்டமாயிருச்சு. மீட்டர் போட்டோ இன்னிக்கே எடுத்தாச்சு.

ராக்கணக்கு:
சிஸ்டர், பிரஷர் சுகருக்கு மக்களைத் தேடி மருத்துவம்னு அரசு திட்டத்துல வீட்டுக்கே வந்து மாத்திரை இலவசமா குடுக்கறாங்க, 2021லேர்ந்து நடக்குது. உங்க ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்துல அத்தை பேர பதிஞ்சிருங்க, பழைய சீட்டு கொண்டு போங்க. அங்க இல்லாத மாத்திரைன்னா முதல்வர் மருந்தகம்னு அரசு திட்டத்துல வந்த மருந்துக்கடையில கேளுங்க, வெளிக்கடைய விட நல்லாவே கம்மி. டாக்டர்கிட்ட சீட்ட காட்டி இதே மருந்துதானான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு மாத்துங்க.

உறையூர்க்காரி:
சரிங்க, திங்கக்கிழமை லீவு போட்டு அத்தைய கூட்டிட்டு போறேன். ஆப்ல "இதர"வ எடுத்துட்டு "அத்தை மருந்து"ன்னு தனியா போட்டுட்டேன்.